பைராம் தோட்டத்தில் ஆறு நிமிடங்கள்

ஞாயிறு, மாலை 4.10. பினாங்கு விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு 401ஆம் எண் பேருந்து, கட்டணம் 2 வெள்ளி 70 காசு. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு ஊர் பிடித்துப்போயிற்று. ஒரு பக்கம் காடு மண்டிய மலை, மறுபக்கம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள். ஒவ்வொன்றும் எங்கள் கல்லூரியைப் போல நான்கு மடங்கு. பிளந்த வாயை மூடிக்கொள்ளச் சொல்லிப் பிரவீன்தான் நினைவூட்டினான்.

பிரவீனும் நானும் இன்னும் இருவரும் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு வாரம் ஆலோசனை சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது பாடத்திட்டம். ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியிராதவர்கள் கடல் கடந்து போய் ஆலோசனை சொல்வது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை.

திங்கள், காலை 10. சுங்கை பினாங்கில், அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே ஒரு சின்ன அலுவலகம். கவிதா அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஐந்து பேருந்துகளுக்கு முதலாளி. தேநீர் வருவதற்குள், பேச்சின் முடிவில் ஊர் வழக்கப்படி ஒரு ‘லா’ சேர்த்து, விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“போன வருஷம்தான் தோட்டத்து ரூட்ட இன்னொருத்தர்கிட்டேருந்து எடுத்தேன். பைராம் தோட்டத்துல ஆரம்பிச்சு, நிபோங் தெபால் டவுன், அப்புறம் ரெண்டாவது பாலம். ஏழு அம்பதுக்கு ஃபேக்டரி வாசல்ல நிக்கும். இனிமே ஏழு நாப்பதுக்கு வரணுமாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள புது டைம்டேபிள் குடுக்கலன்னா ரூட்டு கைய விட்டுப் போயிரும் லா. அப்புறம் டிரைவர் முனியாண்டி அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

பினாங்கு ஒரு தீவு; தோட்டமும் நிபோங் தெபாலும் பாலத்துக்கு அக்கரையில், தொழிற்சாலை இக்கரையில் பாயான் லெப்பாஸில். பத்து நிமிடம்தானே, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஒரு வாரம் லெபோ சூலியா என்ற தெருவில் எங்கள் விடுதி மாடியில் கழிந்தது. பேருந்தின் ஜிபிஎஸ் பதிவுகள் மடிக்கணினியில் ஓடின. மாலையில் நடை. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. சில நிமிடம் நடந்தால் மாரியம்மன் கோயில் மணி. இன்னும் கொஞ்சம் நடந்தால் சீனக் கோயிலின் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கிறது. எல்லாம் ஒரே தெருப்பக்கம், யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் மூன்றிடத்திலும் நின்று நின்று பார்த்தேன்.

குற்றவாளியைப் பிரவீன் கண்டுபிடித்தான். பைராம் தோட்டத்தில் பேருந்து தினமும் 6.39க்கு வந்து 6.45 வரை சும்மா நிற்கிறது. ஏறுவதோ நான்கே பெண்கள். நால்வரிடமும் மோட்டார் சைக்கிள் உண்டு. அப்படியானால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பெரிய சாலைச் சந்திப்புக்கு அவர்களே வரட்டும். அந்த ஆறு நிமிடத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, ‘வீண் நேரம்’ என்று தலைப்பும் போட்டான். நாங்கள் கைதட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன்.

புதன், காலை 5.30. புதிய திட்டத்துக்குச் சோதனை ஓட்டம், நால்வருக்கும் முந்தின இரவே செய்தி போயிருந்தது. கவிதா அக்கா பிரவீனையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி அக்கரைக்கு வந்தார். முனியாண்டி அண்ணன் குட்டையான, அதிகம் பேசாத மனிதர். 6.40க்குச் சந்திப்பில் நிறுத்தினார். நான்கு பேரில் ஒருவரும் இல்லை. கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பின்னாலேயே ஹாரன் அலறியது. ஒரு பெண் மோட்டார் சைக்கிளைச் சாலையோரம் நிறுத்திவிட்டு ஓடிவந்து ஏறினார். செல்வி அக்கா, தொழிற்சாலையில் பத்து வருட வேலை.

“மத்த மூணு பேர் வரலையாக்கா?” என்று கேட்டேன்.

“எப்படி வருவாங்க? ஸ்கூல் கேட்ட ஜாகா ஆறே முக்காலுக்குத்தான் திறப்பாரு. பிள்ளைங்கள இருட்டுல விட்டுட்டு வரச் சொல்றீங்களா? இன்னைக்கு என் வீட்டுக்காரருக்கு லீவு, அவரு பார்த்துக்கிறாரு. அவளுங்களுக்கு யாரு இருக்கா?”

ஜாகா என்றால் காவலாளி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, எதிரே கொட்டகையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் நால்வரும் தினமும் பேருந்து ஏறுவார்களாம். முனியாண்டி அண்ணன் முதல்முறையாக வாய் திறந்தார்.

“நான் சும்மா நிக்கல தங்கச்சி. பெரிய லைட்ட போட்டுக்கிட்டு நிப்பேன். பிள்ளைங்க அந்த வெளிச்சத்துல நடந்து உள்ள போகும்.”

மூன்று பெண்களுக்கு அன்றைய வேலை எங்களால் போயிற்று. பிரவீன் குனிந்தபடி காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டவுன் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறியபோது மணி 7.10. இருபத்து நான்கு கிலோமீட்டர் பாலம். கடலுக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறோம், கரை வருவதாக இல்லை. பின்னால் சூரியன் எழுந்தது. எதிரே பினாங்கு மலை முதலில் கருப்பாக இருந்து, பிறகு நீலமாகி, உச்சியில் மட்டும் சிவந்தது. கீழே மீன்பிடிப் படகுகள். இவ்வளவு தண்ணீருக்கு நடுவே மனிதன் சாலை போட்டிருக்கிறான் என்று நினைக்கவே உடம்பு சிலிர்த்தது. சுற்றிலும் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செல்வி அக்கா மட்டும் விழித்திருந்தார்.

“எங்கள ஏன் மொதல்ல ஏத்துறீங்க?” என்றார் திடீரென்று. “டவுன்லேருந்து பாலத்துக்கு வர்றப்ப எப்படியும் தோட்டத்து வழியாத்தானே வருது? டவுன மொதல்ல முடிச்சிட்டு எங்களக் கடைசியா ஏத்துங்க. கேட் திறந்திருக்கும், நிக்கவே வேணாம்.”

நான் முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். “என் வீடு தோட்டத்துல இருக்கு. ராத்திரி பஸ்ஸு அங்கதான் நிக்கும். அதான் அங்கேருந்து ஆரம்பிக்கிறது” என்றார். பேருந்து எங்கே தூங்குகிறது என்று ஒரு வாரமாக எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

“அப்படின்னா நீங்க இன்னும் சீக்கிரம் எந்திரிக்கணுமே அண்ணே?”

“பதினஞ்சு நிமிஷம்தானே. போலே லா.” போலே என்றால் முடியும்.

தொழிற்சாலை வாசலை அடைந்தபோது மணி 7.38. கணக்குப்படி எங்கள் திட்டம் வெற்றி. அதை அப்படியே கொடுத்திருக்கலாம், மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். பிரவீன் அங்கேயே, வாசலில் நின்றபடி, அந்தச் சிவப்புப் பக்கத்தை அழித்தான்.

வியாழன், காலை 6.46. இந்த முறை டவுனை முடித்துவிட்டுப் பைராம் வந்தோம். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே கும்மிருட்டு. வளைவில் திரும்பியதும் பேருந்தின் வெளிச்சம் பள்ளிக்கூட வாசலில் விழுந்தது. கேட் திறந்திருந்தது. நீல பினோஃபோர் சீருடை போட்ட சிறுமி ஒருத்தி தன் முதுகைவிடப் பெரிய பையோடு அந்த வெளிச்சத்துக்குள் நடந்து வந்தாள். பின்னால் இன்னும் சில பிள்ளைகள். ஒருவன் முனியாண்டி அண்ணனுக்குக் கை காட்டினான். கோபுரம், பாலம், கடல் எல்லாம் பார்த்தாயிற்று. ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தது இங்கேதான். நான்கு பெண்களும் ஏறினார்கள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொழிற்சாலை வாசலில் 7.33.

வெள்ளி மதியம் கவிதா அக்கா தொலைபேசியில் கத்தினார்: “ரூட்டு நமக்குத்தான் லா! அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், உடனே பஸ்ஸக் கழுவப் போயிட்டாரு!”

சனிக்கிழமை திரும்பினோம். விமானம் எழும்பியபோது பாலம் தெரிந்தது, தண்ணீரில் கிடந்த நூலளவு. அதில் ஊர்ந்த வண்டிகளில் நம் பேருந்து எது என்று தேடினேன். சனிக்கிழமை அது ஓடாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கோயம்புத்தூரில் எங்கள் தெருமுனையில் தினமும் காலை மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். மூன்று வருடமாக அதைத் திட்டியே கல்லூரிக்குப் போயிருக்கிறேன். திரும்பி வந்த திங்கட்கிழமை பிரவீனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வேன் நின்றது. அவன் விரல் ஹாரனுக்குப் போய், அமுக்காமலே திரும்பியது. நாங்கள் இருவரும் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம், யார் வருகிறார்கள் என்று.