பேச்சியம்மாள் நின்ற தேர்தல்

ஓசூரைச் சுற்றி மூன்று தொகுதி. இது எந்தத் தொகுதியில் நடந்தது என்று சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே என் வாசலில் கரை வேட்டி வந்து நிற்கும்.

பேச்சியம்மாளுக்கும் எனக்கும் ஒரே வயது, நாற்பத்திரண்டு. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கிரானைட் பட்டறை வேலைக்கு வந்த கணவரோடு பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவள், இன்றைக்குக் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்கு அடுத்த மேஜை. கேன்டீன் சோற்றில் புழு கிடந்தால் நாங்கள் ஒதுக்கிவிட்டுத் தின்போம். அவள் தட்டோடு மேனேஜர் அறைக்குப் போவாள். வீட்டில் அவள் கணவர் அதிகம் பேசமாட்டார். பேச அவருக்கு எங்கே இடம்?

காலை ஆறு மணி ஷிப்டுக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. போன தேர்தலில் ஜெயித்த கையோடு எம்.எல்.ஏ. ஒரு பஸ் விட்டார். வாழைமரம் கட்டி, கொடியசைத்து, முன் சீட்டில் உட்கார்ந்து போட்டோவும் எடுத்துக்கொண்டார். பஸ் பதினோரு நாள் ஓடியது. அதற்குப் பிறகு பழையபடி இருட்டில் ஹைவே வரைக்கும் நடைதான்.

இந்தத் தடவையும் அவரே நின்றார். எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது பேச்சி குறுக்கே போய் நின்று, "ஐயா, பஸ் எங்க?" என்றாள். அவர் கோபப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சிரித்துக்கொண்டே, "நீயே எலக்சன்ல நின்னு, ஜெயிச்சு, விட்டுக்கோம்மா" என்றார். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன். பேச்சி சிரிக்கவில்லை.

"சரிங்கய்யா" என்றாள்.

சுயேச்சையாக நிற்க, அந்தத் தொகுதியில் ஓட்டுள்ள பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். இது ஒரு பெரிய விஷயமா, எங்கள் தெரு லைன் வீடுகளில் நூறு பேர் இருக்கிறோமே என்று நினைத்தோம். ஆளாளுக்கு அவரவர் அட்டையைப் பார்த்து எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மனு கொடுக்கக் கடைசி நாள்தான் எங்களுக்கு வார விடுமுறை. அன்றைக்குப் பதினொரு மணிக்கே தேர்தல் அதிகாரி ஆபீசுக்குப் போய்விட்டோம். வாசலில் இருந்த கிளார்க் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடினார்.

"ஏம்மா, இதுல நாலு பேருக்கு இந்தத் தொகுதியில ஓட்டே இல்லியே. மூணு மணிக்கு மேல மனு வாங்க மாட்டாங்க, பாத்துக்கோங்க."

ஒருவருக்குத் திருச்சுழியில் ஓட்டு, ஒருவருக்கு முசிறியில், ஒருவருக்கு ஜெயங்கொண்டத்தில். நாலாவது ஆள் நான். என் ஓட்டு ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறது. பதினாலு வருஷமாக இங்கே சோறு தின்கிறேன், ஓட்டை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் ஊரில் எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்று ஒரு பயம். தேர்தல் என்றால் எங்களுக்கு லீவு, பஸ், அம்மா வீட்டுக் கோழிக்குழம்பு. அவ்வளவுதான்.

அவமானத்தில் அழுதேவிட்டேன்.

"ஏட்டி ரஞ்சிதா, அழுகைய பொறவு வச்சுக்கிடலாம். இப்ப நாலு பேரு வேணும். கெளம்பு" என்றாள் பேச்சி.

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். டீக்கடைக்காரர், தையல்கார அம்மா, எங்கள் தெருக் கோயில் பூசாரி என்று உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் கிடைத்தார்கள். மூன்று பேர் ஓட்டையும் போனில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சூடுபட்ட பூனை ஆயிற்றே. பத்தாவது ஆள்தான் அகப்படவில்லை. எம்.எல்.ஏ.வை எதற்குப் பகைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருவராக நழுவினார்கள்.

மணி ஒன்றே முக்கால். பேச்சி நேராக எங்கள் வீட்டு ஓனர் வாசலுக்கு நடந்தாள். ஓனர் எம்.எல்.ஏ.வுக்கு வலது கை. நல்லவேளை, அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி மங்கம்மா களி கிண்டிக்கொண்டிருந்தார். தெலுங்கு பேசுகிற வீடு; எங்களிடம் மட்டும் தமிழ். பேச்சி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரே அவருக்கு பூத் ஏஜெண்டு. தெரிஞ்சுதான் வந்தியா?"

"தெரியும்க்கா. நா ஓட்டு கேக்க வரல. ஓட்ட நீங்க யாருக்கு வேணும்னாலும் போடுங்க. என்னைய நிக்க மட்டும் விடுங்க."

மங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"எனக்குக் கையெழுத்து வராதும்மா. ரேகைதான்."

ரேகை என்றால் அதிகாரி முன்னால் வந்துதான் வைக்க வேண்டும் என்று கிளார்க் சொல்லியிருந்தார். நாலு பேர் பார்ப்பார்கள், வீட்டில் சண்டை வரும். அதைச் சொல்லாமல் அழைத்துப்போக எனக்கு மனசு வரவில்லை, சொன்னேன்.

"வரட்டும். இந்த வீடு, நெலம், பத்து லைன் வீடு, எதுலயும் எம்பேரு இல்ல. இதுலயாவது இருக்கட்டும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

இரண்டு மணி ஐம்பது நிமிஷத்துக்கு மங்கம்மாவின் பெருவிரல் மனுவில் பதிந்தது. மறுநாள் பரிசீலனையில் மனு நிலைத்தது.

இரண்டு வாரம் ஓனர் தன் மனைவியோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது என்றார் மங்கம்மா. பேச்சி ஷிப்ட் முடிந்த கையோடு தெருத்தெருவாக நடந்து ஓட்டுக் கேட்டாள். கடைசியில் எம்.எல்.ஏ.வே மறுபடியும் ஜெயித்தார். பேச்சிக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு ஓட்டு, டெபாசிட் போயிற்று. அதில் என் ஓட்டு இல்லை. அது இன்னமும் என்னை உறுத்துகிறது.

முடிவு வந்த மறுநாள் காலை அவள் லீவு போடுவாள் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கையில் ஒரு கட்டுக் காகிதம், எல்லாம் ஓட்டை இந்த ஊருக்கு மாற்றுகிற பாரம். முதல் பாரத்தை என் மேஜையில் வைத்துப் பேனாவையும் நீட்டினாள்.

"அதான் தோத்தாச்சே பேச்சி, இப்ப இது எதுக்கு?"

"அஞ்சு வருசம் கழிச்சு பத்துக் கையெழுத்துக்கு நா மறுபடியும் வீடு வீடா அலையணுமாட்டி? எழுது."