பாட்டுக்காக அவிழ்த்த படங்கு

தெமோதரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பாட்டு வீடியோ எடுக்க ஆட்கள் வந்தபோது, நான் பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இருந்தேன். ஊடகம் படித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகி கொழும்பிலிருந்து வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கொழுந்து பறிக்க நாலைந்து பெண்கள் வேண்டும் என்றார்கள். என் அக்கா முதல் ஆளாகப் போய் நின்றாள். வீடியோவில் வரப்போவதாக, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

கதாநாயகி முத்தின இலையாகப் பார்த்துப் பிடுங்கினாள். கங்காணி பார்த்திருந்தால் அன்றைக்கு அவளுக்கு அரைநாள் கூலிதான். கேமராக்காரருக்கு அதெல்லாம் பிரச்சினையில்லை. அவருக்குப் படங்குதான் பிரச்சினை. செடி கீறாமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்கு அது. அது இல்லாமல் எங்கள் பெண்கள் மலையில் கால் வைக்க மாட்டார்கள்.

"அக்கா, அத மட்டும் அவுத்துடுங்க. ஷேப் தெரியல" என்றார். மற்ற பெண்கள் காது கேட்காத மாதிரி நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேணாம்க்கா" என்றேன்.

"சும்மா இருடி, ஒரு நாளைக்குத்தானே" என்று அக்கா அவிழ்த்துப் போட்டாள். சாயங்காலம் அவள் இடுப்புக் கீறல்களுக்கு நான்தான் எண்ணெய் தடவினேன்.

பாட்டு யூடியூபில் வந்த அன்று எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. கதாநாயகிக்கு முகம் இருந்தது. அக்காவுக்கு இடுப்பு மட்டும்தான். அதையும் கீறல் தெரியாமல் வழுவழுவென்று ஆக்கியிருந்தார்கள்.

"நீ எங்கடி?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்.

"என்னையப் போடல போலங்க" என்று அக்கா போனை வாங்கிக்கொண்டாள். தன் சேலை அவளுக்குத் தெரியாதா என்ன?

எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ இதத்தானே படிக்கிற. மூஞ்சிய எதுக்குடி வெட்டுறாங்க?"

சொன்னேன். கேமரா யாருடைய கண்ணாக நிற்கிறது, பெண்ணை ஏன் துண்டு துண்டாகக் காட்டுகிறது, முகம் இருந்தால் பார்க்கிறவனை அவளும் திரும்பிப் பார்த்துவிடுவாளே என்பதெல்லாம். பரீட்சையில் எழுதியதைவிட நன்றாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா போனைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்தாளு நாள் பூரா, 'சிரிங்கக்கா, இன்னுங் கொஞ்சம் சிரிங்க'ன்னு சொன்னாரே, அது எதுக்குடி?"