மலைப்பனியில் கேட்ட டிரம்ஸ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் உறவினர் ஒருவர் புதிதாகக் கடை திறந்திருந்தார். கணவர், மாமியார், நான் மூவரும் கள்ளக்குறிச்சியிலிருந்து காரில் போய், மதியச் சாப்பாடு முடித்து இறங்கிக்கொண்டிருந்தோம்.

காரில் ஏறியதும் கணவர் வழக்கமான ஆல்பத்தைப் போட்டார். கல்லூரி விடுதியில் நண்பர் கொடுத்த பழைய ஆங்கில ஹார்டு ராக் கேசட் அது. கேசட் தேய்ந்து, சிடியில் கீறல் விழுந்து, இப்போது பென்டிரைவில் இருக்கிறது. கிட்டார் சத்தம் கரும்பாலை ஓடுவது போலிருக்கும். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார். எங்கள் செருப்புக் கடையில் ஆளில்லாத நேரங்களில் இவர் காலிப் பெட்டிகளில் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "புரியணும்னு இன்னா இருக்குது? அது ஓடறப்ப எனக்கு எதுமேலயும் பயமே இல்ல" என்பார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் முழு ஆல்பமும் மனப்பாடம். மாமியாருக்குத்தான் தலைவலி. அன்றும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பாதி மலையில் மாமியாருக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. சர்க்கரை நோயாளி, அடக்க முடியாது. ஒரு வளைவில் வண்டி நின்றது. சாலையில் பைக்குகள் போய்க்கொண்டிருந்ததால் மறைவு தேடி, புதர்களைத் தாண்டி, சரிவில் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். போனை காரிலேயே வைத்துவிட்டேன்.

திரும்பும்போது பனி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நீட்டிய கை தெரியவில்லை. வந்த வழி என்று நினைத்து நடந்தால் முள்புதர் குறுக்கே வந்தது. சுற்றிப் போனதில் சாலை எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. ஆரன் சத்தம் கேட்டது. ஆனால் மேலும் கீழுமாக எல்லா வளைவிலும் வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. அதில் எங்கள் வண்டி எது? ஈரப் புல்லில் மாமியாருக்குக் கால் வழுக்கியது. இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன். அவர் துவா ஓதத் தொடங்கினார்.

அப்போது டிரம்ஸ் கேட்டது. நாங்கள் போய்க்கொண்டிருந்த பக்கம் அல்ல, நேர் பின்னால்.

மாமியார்தான் முதலில் கண்டுகொண்டார். "நம்ம வூட்டுக் கத்தல்தாம்மா அது. அங்க போ."

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினோம். திடீரென்று அது அடங்கிப்போனது. அவர் என் கையை இறுக்கினார். எனக்குத் தெரியும், அந்தப் பாட்டின் நடுவில் ஒற்றைக் கிட்டார் மட்டும் கிசுகிசுப்பாக வாசிக்கும். பிறகு எல்லாம் சேர்ந்து இடிக்கும். "நில்லுங்க மாமி, திரும்ப வரும்" என்றேன். அசையாமல் நின்றோம். வந்தது. மறுபடி நடந்தோம். அடுத்த பாட்டு முடிவதற்குள் காலில் தார்ச்சாலை தட்டுப்பட்டது.

கார்க் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. டிக்கியில் இருந்த பெரிய ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டிருந்தது. கணவர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் அம்மாவின் கையைப் பிடித்தபடி சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எம்மாம் நேரமா ஆரன் அடிச்சிக்கினே இருந்தேன்... இது கேட்டா நீ வந்துடுவேன்னு தோணுச்சு" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

பனிக்காக பைக்கை ஓரங்கட்டியிருந்த மலைக்காரர் ஒருவர், எந்தப் பக்கம் போனீர்கள் என்று விசாரித்தார். கை காட்டினேன். "அங்க இன்னும் கொஞ்சம் போயிருந்தா செங்குத்துப் பள்ளம்ங்க. மாடுங்களே வுழுந்துருக்குது" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பனி விலகும்வரை காருக்குள் உட்கார்ந்திருந்தோம். மாமியார் தன் முந்தானையால் என் தலை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பாட்டுகளின் அர்த்தம் எனக்கு இன்றும் தெரியாது; ஆனால் ஒருவருக்கு உயிரான ஒன்றைப் பக்கத்திலிருந்து வருடக்கணக்காகக் கேட்டதில், என்னை அறியாமலே எனக்குள் ஒரு வழி பதிந்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு லேசாகிவிடுகிறது.