அப்படியே அத்தா

எங்கள் பிரியாணிக் கடையில் அரிசி போடுவதற்கு முன்னால், கொதிக்கிற தண்ணீரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்போம். உப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். மிச்சத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குப் பிறகு அந்த வேலை என்னுடையது. பழைய வாடிக்கைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு, "அப்படியே அத்தா கைதான்" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அத்தாவுக்கு அறுபது தாண்டியபோது ஒருநாள் உப்பு போட்டார், செத்த நேரத்தில் மறுபடியும் போட்டார். ஓர் அண்டா சோறு வீண். நான் முன்கோபக்காரன், வேலையாட்கள் முன்னாலேயே கத்திவிட்டேன்.  சில வருஷத்தில் என்னைப் பார்த்தே, "தம்பி, நீங்க யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். அவருடைய அண்ணனும் அப்படித்தான் ஆகிப்போனார்.

அத்தாவைக் கூட்டிப்போய்க் காட்டிய மதுரை டாக்டர் பூசி மெழுகவில்லை. சில குடும்பங்களில் இந்த மறதி நோய் ரத்த வழியாக வருமாம். வந்தே தீரும் என்றில்லை, வாய்ப்பு அதிகமாம். எனக்கு வருமா என்று டெஸ்ட் எடுத்தால் தெரியுமாம். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என்னை நானே வேவு பார்க்கிறேன். கடையில் தனியாக மதியத் தொழுகையான லுஹர் தொழும்போது, அதன் நான்கு சுற்றில் இது மூன்றாவது ரக்அத்தா, நான்காவதா என்று சந்தேகம் வந்தால் வேர்த்துவிடுகிறது. எல்லோருக்கும் வருகிற மறதிதான். ஆனால் எனக்கு அப்படி நினைக்க வழியில்லை. எங்காவது ஓடிவிடலாம் என்று ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்க் கேரளா லாரி ஏறினாலும் இந்த மண்டையும் கூடத்தானே வரும்?

மகள் காந்திகிராமத்தில் படித்தவள். "நான் டெஸ்ட் எடுக்கப் போறேன்த்தா" என்றாள்.

"உங்கம்மா வழியில யாருக்கும் இது இல்லம்மா. உனக்கு இருந்தா அது நான் குடுத்ததுதான். நீ எடுத்தா எனக்கும் சேத்து எடுத்த மாதிரி."

"உங்ககிட்ட முடிவைச் சொல்லவே மாட்டேன்."

"மூஞ்சி சொல்லிருமே."

திட்டினேன், கெஞ்சினேன். கேட்கவில்லை. முடிவு வாங்கிக்கொண்டு மதுரையிலிருந்து திரும்பிய அன்று, பஸ்ஸில் கூட்டம் என்று அலுத்துக்கொண்டே இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். முகத்தில் ஒன்றுமில்லை. எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலையில் கடைக்கே வந்துவிட்டாள், வழக்கமாக எட்டிக்கூடப் பார்க்காதவள். நான் தண்ணீரை ருசி பார்த்து முடித்ததும் கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு சொட்டு விடுங்கத்தா. இனிமே தினமும் நானும் பாக்குறேன்."

நக்கிப் பார்த்துத் தலையாட்டினாள். வாசலில் டீயோடு நின்றிருந்த பழைய வாடிக்கைக்காரர் சிரித்தார். "புள்ளையும் அப்படியே அத்தாதான்."

அவள் கண் நிறைந்துவிட்டது. மூஞ்சி சொல்லிவிட்டது. "மன்னிச்சிரும்மா" என்றேன். அண்டா கொதித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேருமே அரிசி போட மறந்து நின்றோம்.