ஈரச் சாக்கும் பத்து மார்க்கரும்

சாமான் பெட்டிகளை எங்கள் நிலத்தில் வைத்துப் பிரித்தபோது அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அப்பா, பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த என் அத்தை மகன். அம்மா வரவில்லை. "துப்பாக்கி இருக்க எடத்துக்கு நான் எதுக்கு வாரேன்? சுட்டு முடிச்சிட்டுச் சொல்லிவிடுங்க, சோறு கொடுத்துவிடுறேன்" என்று வீட்டிலேயே இருந்துகொண்டார்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் மானாவாரி நிலம். அப்பா பல வருஷம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய்ச் சேர்த்து வாங்கியது. சோளம் அறுத்தபின் ஆடி வரைக்கும் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் பெயின்ட்பால் மைதானம் போடலாம் என்பது என் யோசனை. சாய உருண்டையைக் காற்றழுத்தத்தில் சுடுவார்கள். மேலே பட்டால் உருண்டை உடைந்து சாயம் ஒட்டும். ஒட்டினால் ஆள் அவுட். நான் மதுரை கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் பில் போடும் வேலையில் இருந்தேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் போக இடமில்லாமல் துணிக்கடைக்குப் போய், எதுவும் வாங்காமல் எஸ்கலேட்டரில் ஏறி இறங்கிவிட்டு வருவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த எண்ணம் வந்தது.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஆடி பொறக்குறதுக்குள்ள நாலு கூட்டம் வரணும். வரலைன்னா டிராக்டர விட்டு உழுதுருவேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்ச எடுக்கக்கூடாது." அப்போது வைகாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கிளினிக் வேலையை நான் ஏற்கெனவே விட்டிருந்தேன். நிலத்தை உழுதால் என் பிழைப்பையும் சேர்த்துத்தான் உழுவது.

சாமான் விற்கிறவர் போனில் முதலில் சொன்னது, "தம்பி, துப்பாக்கின்னு எங்கயும் சொல்லாதீங்க. இந்தத் தொழில்ல அதுக்குப் பேரு மார்க்கர்." நானும் பொறுப்பாக வீட்டில் அப்படியே சொன்னேன். அப்பா அதை டீக்கடையில் சொல்லிவிட்டார். ரெண்டு நாள் கழித்து என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "ஏப்பா, பத்து மார்க்கருக்கு லட்ச ரூவாயாமே? பள்ளிக்கொடத்துக்கு முன்னாடி கடையில இருவது ரூவாய்க்குத் தாரானாம்ல?" அதற்குள் ஊரில் பாதிப் பேர், நான் படித்த படிப்புக்கு ஏதோ பேனா வியாபாரம் தொடங்கப்போகிறேன் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு மட்டும்தான் ஆரம்பத்திலிருந்தே விஷயம் சரியாக விளங்கியிருந்தது.

எந்த மார்க்கர் வாங்குவது என்பதில் எனக்கும் அத்தை மகனுக்கும் பத்து நாள் சண்டை. அவன் பெங்களூரில் நாலு வருஷம் விளையாடியவன். என்னைவிட மூத்தவன், எனக்கு மச்சான். நான் ஒரே ஒரு தடவை விளையாடி, தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றலை வாங்கி வந்தவன். அது ஆற இரண்டு வாரம் ஆனது.

உருண்டையில் இரண்டு அளவு உண்டு. பெரியது அரைநெல்லிக்காய் அளவு, சின்னது சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரியது தூரம் போகும், பட்டால் நன்றாக வலிக்கும். சின்னது அவ்வளவாக வலிக்காது.

"சுண்டக்காய வச்சு யாரு மாப்ள வெளையாடுவா? ஆளுக்கு ஒரு பெருசு கொடு. பட்டா உறைக்கணும்ல."

"உறைச்சா அடுத்த வாரம் வரமாட்டாங்க மச்சான். எனக்கு நாலு கூட்டம் வேணும்."

"ஆடத் தெரிஞ்சவன் வந்தா இதப் பாத்துச் சிரிப்பான்டா."

"ஆடத் தெரிஞ்சவன் நம்ம பக்கத்துல நீ ஒரு ஆளுதான."

கடைசியில் எட்டு சின்னது, இரண்டு பெரியது என்று முடிவானது. பழகியவர்கள் பழகியவர்களோடு மட்டும் பெரியதை வைத்து ஆடிக்கொள்ளலாம். புதியவர்களோடு ஆடும்போது வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும். வேகத்தை அளக்க ஒரு சின்னக் கருவி தனியாக வாங்கினோம். அதற்கும் மச்சான் முகம் சுளித்தான்.

முகமூடியில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் கண்ணாடி போடுகிறவன். மதுரைக்குப் போய், விற்பவரின் கிடங்கு வாசலில் உச்சி வெயிலில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, அந்த இடத்திலேயே குதித்துக்கொண்டு நின்றேன். விலை குறைந்த முகமூடிக்கு ஒற்றைக் கண்ணாடி. அஞ்சு நிமிஷத்தில் உள்ளே ஆவி பிடித்து, சோறு கொதிக்கிற பானைக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதுபோல் ஆனது. ஆவி பிடித்தால் ஆட்டத்தின் நடுவே கழற்றித் துடைக்கத்தான் தோன்றும். கழற்றுகிற அந்த நேரத்தில் ஒரு உருண்டை வந்தால் கண் போய்விடும். இரட்டைக் கண்ணாடி வைத்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. வாசலில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "அண்ணே, வெல்டிங் வேலையா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து குதித்தேன். பன்னிரண்டு முகமூடியும் இரட்டைக் கண்ணாடியிலேயே வாங்கினோம். மார்க்கர் சுமாராக இருந்தால் ஆட்டம்தான் சுமாராகும், முகமூடி சுமாராக இருந்தால் கண் போகும் என்று விற்பவரே சொன்னார்.

எங்கள் வீட்டில் எழுத்தை வாசித்துச் சொல்வது என் வேலை. கரண்டு பில், மருந்துச் சீட்டு, உர மூட்டை, எதுவானாலும் என்னிடம்தான் வரும். சாய உருண்டைப் பெட்டிகளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததையும் நானே எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்: வெயிலில் இளகிவிடும், குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும். எங்கள் பக்கம் குளிர்ச்சி என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. மல்லிகைப் பூவை, வெற்றிலையை, குடிதண்ணீரை எப்படிக் காப்பாற்றுவோமோ அப்படித்தான். சின்ன உருண்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, புது மண்பானைகளில் கொட்டி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தி, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் தவறாமல் தெளித்தேன். மச்சான் தன் பெரிய உருண்டைகளைக் காரிலேயே போட்டு வைத்திருந்தான். அவனுக்கு அக்கறை கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் முதல் கூட்டம். என் பழைய கிளினிக்கிலிருந்தே பத்துப் பேர். அவர்கள் வேன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மச்சான் ஒரு மார்க்கரில் சின்ன உருண்டைகளைப் போட்டுச் சுட்டுப் பார்த்தான். குழல் வாயிலிருந்து மஞ்சளாக ஏதோ ஒழுகியது.

"என்ன மாப்ள, பாயாசம் ஊத்துது?"

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் உருண்டை குழலிலேயே சிக்கிக்கொண்டது. பானைக்குள் கை விட்டேன். உருண்டைகள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மேல் தோல் ஜெலட்டின். ஈரம் பட்டால் உப்பும். அப்பா காலிப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மறுபடி வாசி."

"கூல், டிரை பிளேஸ்."

"டிரைன்னா?"

"காஞ்ச எடம்."

"ரெண்டு வார்த்தையில ஒண்ணத்தான் வாசிச்சிருக்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரம் இல்லாத குளிர்ச்சியை நான் அதுவரை கண்டதே இல்லை. ஏசி அறையில் பில் போட்டுக்கொண்டு இருந்தவன்தான். ஆனால் அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. மச்சான் திட்டுவான் என்று பார்த்தேன். அவன் ஒரு மார்க்கரின் குழலைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தான். "அழுவாத. பானையில அடியில கெடக்குறது நல்லாருக்கும். ஒவ்வொண்ணா இதுல வை. நிக்கணும், ஊதுனா விழுகணும். அதுதான் அளவு."

நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கையில் வேன் வந்துவிட்டது. நான் எழுந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். திரும்பிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். தலைமை நர்ஸ் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயில் உட்கார்ந்தார். "மாத்திரை எண்ணுற மாதிரில்ல இருக்கு. குடு தம்பி." மீதிக் குழல்களையும் கழற்றி வாங்கிக்கொண்டு, பத்துப் பேரும் மாறி மாறி ஊதத் தொடங்கினார்கள். லேப்காரர் ஒருவர் உப்பிய உருண்டையைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு சுகர் கூடிப்போச்சு, அட்மிஷன் போடணும்" என்றார். முக்கால் மணி நேரத்தில் நல்ல உருண்டை ஐந்நூறுக்குமேல் தேறியது.

சின்ன மார்க்கர் எட்டுதான் என்பதால் முறை வைத்து ஆடினார்கள். உருண்டை ஆளுக்கு அறுபதுக்கும் குறைவு. நூற்றைம்பது தருவதாகத்தான் பேச்சு. ஆனால் குறைவாக இருந்ததால் யாரும் கண்டபடி சுடவில்லை. ஒவ்வொரு உருண்டைக்கும் தவழ்ந்தார்கள், பதுங்கினார்கள், சோளத்தட்டைப் படப்புக்குப் பின்னால் மூச்சடக்கிக் கிடந்தார்கள். மச்சான் வேகத்தைக் குறைத்த பெரிய மார்க்கரோடு, கார் சூட்டிலும் தப்பித்த உருண்டைகளோடு, நாலு வருஷ அனுபவத்தோடு இறங்கினான். நர்ஸ் அக்கா படப்புக்குப் பின்னால் கால் மணி நேரம் அசையாமல் இருந்து, அவன் நெருங்கி வந்ததும் அவன் இடுப்புக்குக் கீழே பின்பக்கமாக ஒரே ஒரு உருண்டையை விட்டார்.

"ஊசி போட்டாச்சு தம்பி. வீட்டுக்குப் போகலாம்."

வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த வலைக்குப் பின்னால் நின்ற அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். ஒருவருக்கும் முகமூடியில் ஆவி பிடிக்கவில்லை. சாயங்காலம் ஒவ்வொருவர் தொடையையும் விசாரித்தேன். ஒரு கன்றல்கூட இல்லை.

அவர்கள் சொல்லி, கிளினிக் இருக்கிற அதே தெருவில் உள்ள பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் வந்தார்கள். பிறகு ஒரு பைக் கம்பெனி சர்வீஸ் ஆட்கள். ஆனி முடிந்தபோது மூன்று கூட்டம்தான் ஆகியிருந்தது. நாலாவது கூட்டம் ஆடி மூன்றாம் தேதிக்குத்தான் சொல்லியிருந்தது. நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன்.

ஆடி முதல் நாள் காலையில் டிராக்டர் வந்தது. நான் முகமூடிகளை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா நிலத்தை எட்டு வைத்து அளந்து, ஒரு மூலையில் குச்சி நட்டார்.

"நாலுக்கு மூணு வந்துச்சு. நெலத்துலயும் நாலுல மூணு பங்கு ஒனக்கு. ஒரு பங்கு சோளத்துக்கு. உருண்ட ஒண்ணுகூட இந்தப் பக்கம் வரக்கூடாது, சொல்லிட்டேன்."

வராமல் இருக்க உயரமான வலைவேலி போட்டோம். மார்க்கர், முகமூடி, காற்றடைக்கிற சிலிண்டர், உருண்டை, ஊறிப் போன உருண்டை, அந்த வேலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு ரூபாய்.