சதாசிவத்தின் நிறம்

கலாதேவியைக் கோபக்காரி என்பார்கள். உண்மைதான். மலேசியாவில், ஈப்போவின் சிலிபின் பகுதியில் உள்ள எங்கள் பேனர் கடையில் அவளிடம் ஏச்சு வாங்காத ஆள் நான் ஒருத்திதான், அதுவும் நான் அவள் பக்கம் அதிகம் போகாததால். அச்சான பேனருக்கு ஓரம் மடித்து, கயிறு கட்ட வளையம் அடிப்பது என் வேலை. அவள் வேலை நிறம்.

காலையில் முதல் பேனர் ஓடுவதற்கு முன், சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் நிறைந்த ஒரு துண்டை அச்சடிப்பாள். மை காய்ந்ததும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவியைக் கட்டங்கள்மேல் வைத்து அளப்பாள். மிஷின் நேற்றைவிட மாறியிருந்தால் சரிசெய்வாள். அதுவரை முதலாளி தர்மேந்திரனே வந்தாலும் "தள்ளி நில்லுங்கண்ணே"தான். கமுந்திங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வருடக்கணக்காக வாளிகளின் நிறம் பார்த்தவள். புருஷன் போனபின் மகளோடு ஈப்போவுக்கு வந்தாள். "கண்ணு ஏமாத்தும்க்கா, இது ஏமாத்தாது" என்று அந்தக் கருவியைத் தட்டிக் காட்டுவாள்.

ஆனால் முதலாளி சொல்லி அவளே செய்து வைத்த ஏமாற்று வேலை ஒன்று மிஷினில் இருந்தது. அதற்கு 'முகம்' என்று பெயர் வைத்திருந்தோம். கல்யாணமோ பிறந்தநாளோ கருமாதியோ, நம் ஜனம் படத்தைக் கொடுத்ததும் சொல்வது, "கொஞ்சம் வெள்ளையாக்கிருங்க லா." ஒவ்வொரு படமாய்த் திருத்த யாருக்கு நேரம் இருக்கிறது? 'முகம்' என்பதைத் தட்டினால் எல்லாரும் வெளுத்து வந்துவிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஷாமினி கடைக்குள் ஓடிவந்தாள். பக்கத்துப் புந்தோங்காரி. அவள் அப்பா சதாசிவத்துக்கு மறதி நோய். முந்தின நாள் விடியலில் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. சர்க்கரை வேறு, தினமும் ஊசி போட்டே ஆகவேண்டும். திங்கட்கிழமையே 'காணவில்லை' பேனர் அடித்துக் கொடுத்திருந்தோம். அன்று கலாதேவி லீவு, இன்னொரு ஆபரேட்டர் தீபன்தான் மிஷினில் இருந்தார். ஷாமினியின் அண்ணன் சுரேன் பேனர்களைத் தெற்கே பீடோர் ஊர்வரை கொண்டுபோய்க் கட்டினான். அவர்கள் அப்பா முன்பு வேலை செய்த எஸ்டேட் அந்தப் பக்கம்தான்.

"பீடோர்லேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரு இப்பதான் போன் பண்ணாரு." ஷாமினிக்கு மூச்சு வாங்கியது. "நேத்து சாயங்காலம் அப்பா மாதிரி ஒருத்தர் அவரு கடையில வந்து உக்காந்தாராம். பேனரப் பாத்தாராம், ஆளப் பாத்தாராம். பேனர்ல உள்ளவரு வெள்ளை, இவரு நல்ல கறுப்பு, வேற ஆளுதான்னு டீ குடுத்து அனுப்பிட்டாராம். ராத்திரியெல்லாம் மனசு கேக்காம இப்ப கேக்குறாரு, உங்கப்பா என்ன நிறம்னு!"

கலாதேவி தீபன் ஓட்டிய வேலையைத் திறந்து பார்த்தாள். 'முகம்' தட்டியிருந்தது.

"காணாமப் போன மனுஷனுக்குமா மேக்கப்பு?"

"எப்பவும் போடறதுதானக்கா," என்றார் தீபன். பாவம், அவரும் சொல்வது சரிதான்.

மிஷினில் கோயில் திருவிழா பேனர் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினாள். தர்மேந்திரன் பதறி ஓடிவந்தார்.

"கலா, இன்னிக்கு கோயில்காரங்க எடுக்க வாராங்க!"

"வரட்டும்ணே. அம்மன் காத்திருப்பா. ஊசி போடாத உடம்பு காத்திருக்காது."

'முகம்' இல்லாமல் அடித்தாள். ஷாமினி எட்டிப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "இன்னும் வெள்ளையாதான்க்கா இருக்கு."

கலாதேவி அளந்து பார்த்தாள். மிஷினில் குறையில்லை. படமே அப்படித்தான். சுரேனின் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது, ஸ்டூடியோவிலேயே வெளுத்துக் கொடுத்திருந்தார்கள். போலீஸில் கொடுத்ததும் இதே படம், போனில் ஊரெல்லாம் சுற்றுவதும் இதே படம். "வேற படம் காட்டு" என்றாள். ஷாமினி போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். பிறந்தநாள், தீபாவளி, பேரன் காதுகுத்து. எல்லாவற்றையும் போனே வெளுத்து வைத்திருந்தது, சதாசிவம் மாவு பூசியது போலவே இருந்தார். வெளியே மழை கட்டிக்கொண்டு வந்தது.

கலாதேவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. "நிறமே தெரியாம எதைக்கா அடிக்கிறது?" என்று என்னைக் கேட்டாள்.

ஷாமினி சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு மேசைமேல் கையை நீட்டினாள். "இத அளங்கக்கா. அண்ணன் அம்மா நிறம். நான் அப்படியே அப்பா. அதுக்காகவே சின்னதுலேர்ந்து பேச்சு வாங்குனவ. என் கல்யாணப் படத்துல இருக்கறதும் நான் இல்ல, வேற யாரோ."

கலாதேவி கருவியை அவள் கையில் வைத்து அழுத்தினாள். உள்பக்கம், வெளிப்பக்கம், வெயில் பட்ட புறங்கை. அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு சதாசிவத்தின் நெற்றி, கன்னம், கழுத்து என்று ஒவ்வொன்றாய் நிறத்தை இறக்கினாள். சின்னத் துண்டாய் அடித்தாள். கடை டியூப்லைட்டை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்கு ஓடி, ஷாமினியின் கையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். "மஞ்சள் தட்டுது." உள்ளே ஓடினாள். மறுபடி அடித்தாள். மறுபடி வாசல். எத்தனை முறை ஓடினாளோ, கடைசியில் ஒரு துண்டைப் பார்த்து ஷாமினி "அப்பா" என்றாள்.

வளையம் அடிக்கும் அவசரத்தில் கட்டைவிரலையே அடித்துக்கொண்டேன். அதற்குள் வந்துவிட்ட சுரேன், மை சரியாகக் காயாத பேனரை வாங்கிக்கொண்டு, மழையிலேயே வண்டியை எடுத்தான்.

பீடோர் சந்தையில் பேனரைக் கட்டி முடிக்கவில்லையாம், காய்கறி லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். "இவர எங்க தோட்டத்துப் பம்பு கொட்டகையில பாத்தேனே, தூங்குறாருன்னு நெனச்சேன்." போய்ப் பார்த்தால் சதாசிவம் தூங்கவில்லை, மயங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரும்போது உயிர் இருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார்களாம்.

செய்தி வந்ததும் கலாதேவி மை அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து 'முகம்' என்பதை அழித்தாள். "நாளைக்கு கல்யாணக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" என்றார் தர்மேந்திரன். "என்கிட்ட அனுப்புங்க" என்றாள்.

சதாசிவம் வீட்டுக்கு வந்தபிறகு ஷாமினி ஒருநாள் அந்தப் பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் சேறு பட்டிருந்தது. என் மேசைமேல் விரித்தாள்.

"மேல இருக்கற 'காணவில்லை'ய மட்டும் வெட்டி எடுத்துட்டுக் குடுங்கக்கா. வீட்டுல மாட்டணும். அப்பா படம்னு எங்ககிட்ட இது ஒன்னுதான் இருக்கு."