கோயில் கூரையில் ஒரு சூரியப் பலகை

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. வீட்டில் இருந்த இன்னொரு பெருமை அண்ணனின் வேலை. எண்பதுகளின் நடுவில் ஹட்டன் டவுன் கடைக்காரர் ஒருவர் வெயிலில் கரண்டு எடுக்கும் கண்ணாடிப் பலகைகளை விற்றார். அவற்றைக் கூரைகளில் ஏற்றிப் பூட்டுவது அண்ணன். வழுக்காத ரப்பர் பூட்ஸும் இடுப்பில் கட்டக் கயிறும் கடையில் கொடுத்திருந்தார்கள். கினிகத்தேனை முதல் இறம்பொடை வரை எத்தனையோ கூரைகள் ஏறியும் அவனுக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

திருவிழாவுக்கு முன் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கே ஒரு பலகை வந்தது. அன்று காலை கூரைத் தகரம் முழுக்க ஈரம். ஏணியில் கால் வைக்கும் முன் அண்ணன் பூட்ஸைக் கழற்றினான்.

“போட்டுக்கிட்டே ஏறுண்ணே. வழுக்கும்.”

“சாமி தலைக்கு மேல பூட்ஸ் காலோடயா? வாயக் கழுவு,” என்றாள் அம்மா.

தோட்டத் தலைவர் சிரித்தார். “படிச்ச புள்ளையில்ல, சாமிக்கும் பாடம் நடத்தும்.”

“அப்ப கயிறாவது கட்டிக்கண்ணே.”

அண்ணன் மேலே பார்த்தான். கயிறு தாங்கக்கூடியது அம்மனுக்கு மேலிருந்த சின்னக் கோபுரம் மட்டும்தான். “அதுல சுருக்குப் போட்டா ஆத்தா கழுத்துல போட்ட மாதிரி புள்ள. கம்முனு இரு.” கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினான்.

கடைக்காரர் சொல்லித் தந்த ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும். ஊரார் கூரைகளில் அதன்படியே நடந்தான். தன் கோயில் என்றதும்தான் மாறினான்.

ஒரு திருகாணி பூட்டியாயிற்று. அடுத்ததற்கு நகர்ந்தபோது கால் வழுக்கிற்று. அவன் கத்தவில்லை, தகரம்தான் கத்தியது. சுவரோரக் கருங்கல் திண்டில் முதுகு அடிபட விழுந்தான்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அம்மா அவன் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். “சூடு வருதாப்பா?” “வருதும்மா,” என்றான். அவள் எந்தக் காலைத் தேய்க்கிறாள் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

கடைக்காரர் பிஸ்கட்டோடு பார்க்க வந்தார். “பூட்ஸும் கயிறும் குடுத்துத்தானே இருந்தேன்?” என்றார். யாரும் மறுக்கவில்லை. லயத்து வீடுகளில் வேறு பேச்சு: கோயில் வாசலில் நான் பூட்ஸ் பேச்செடுத்ததுதான் குற்றமாம்.

சில வாரங்கள் கழித்து, கட்டிலருகே நின்று பெரிய டாக்டர் சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினார். எங்கள் மூவரில் அது எனக்கு மட்டும்தான் விளங்கியது. அந்தக் கால்கள் இனி அசையாது.

“என்னாம்மா சொல்றாங்க?” என்றாள் அம்மா.

அண்ணன் என் முகத்தையே பார்த்தான். “அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போய்ச் சொல்லு.”

வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அம்மா அழவில்லை, சாமியைக் கூப்பிடவுமில்லை. பிறகு, “சோறு ஆறிப்போகும்,” என்று அவனுக்கு ஊட்ட உள்ளே போனாள்.